ஃபிலிம்காரருக்கு முதல் டிஜிட்டல் காம்பாக்ட்: ஜிஆர் 3-ஆ, எக்ஸ்100எஃப்-ஆ, வேற ஏதாவதா?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். இப்போ புழக்கத்துல இருக்கிறது நிக்கான் எஃப்எம்2, அதுல 35 எம்எம் எஃப்2 லென்ஸ். பாக்கெட்டுக்கு ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. கறுப்பு வெள்ளை 400 ரோல் வீட்டுலயே டெவலப் பண்றது, கலர் மட்டும் லேபுக்கு. ஃபிலிமை விடற எண்ணம் இல்ல. கூட ஒரு சின்ன டிஜிட்டல் வேணும், அவ்வளவுதான்.

எடுக்கிற இடம்: கடலூர் ஓ.டி. துறைமுகத்துல விடியற்காலை மீன் ஏலம், தேவனாம்பட்டினம் பீச், பாண்டியில பெரிய மார்க்கெட், காந்தி வீதி சண்டே மார்க்கெட், ஒயிட் டவுன் தெருக்கள். ஜூம் வேண்டாம். அபெர்ச்சரும் ஃபோகஸ் தூரமும் என் கையில இருக்கணும். 12×18 பிரிண்ட் தாங்கணும். செகண்ட் ஹேண்ட் பரவாயில்ல.

மனசுல இருக்கிறது: ரிக்கோ ஜிஆர் 3, ஃபியூஜி எக்ஸ்100எஃப், பானாசோனிக் எல்எக்ஸ்100, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3. கேள்வி மூணு. வியூஃபைண்டர் இல்லாம நம்ம ஊர் வெயில்ல சமாளிக்க முடியுமா? சின்ன சென்சார் போதுமா? நெகட்டிவ் மாதிரி எக்ஸ்போஷர் கொஞ்சம் முன்ன பின்ன போனா தாங்குமா?

முத்தியால்பேட்டை28

சென்சாரை விடுங்க. உங்க ரெண்டு கேமராவும் 35 எம்எம். கண்ணுக்கு அந்தக் கோணம் பழகிடுச்சு. கேமராவைத் தூக்குறதுக்கு முன்னாடியே எங்க நிக்கணும்னு கால் முடிவு பண்ணிடும். ஜிஆர் 3 லென்ஸ் 18.3 எம்எம், ஃபிலிம் கணக்குல 28. ஏலத்துல கூட்டத்துக்கு நடுவுல நிக்கிறவருக்கு 28 அருமை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு படம் பூரா தார் ரோடுதான் வரும்.

ஜிஆர் 3-லயே 35 கிராப் (படத்தோட நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது) இருக்கு. 24 மெகாபிக்சல் அதுல சுமார் 15 ஆகும். 12×18-க்கு அது போதும். 50 கிராப் போனா 7 தான், அந்தப் பக்கம் போகாதீங்க. 2021-ல வந்த ஜிஆர் 3எக்ஸ் 26.1 எம்எம், அதாவது 40. உங்க 35-க்கு 28-ஐ விட 40 தான் கிட்ட.

எக்ஸ்100 வரிசை முழுக்க 23 எம்எம் எஃப்2, அதாவது அசல் 35. ஆனா அது பாக்கெட் கேமரா இல்ல. ஜிஆர் 3 பேட்டரியோட 257 கிராம், 33 மி.மீ. கனம். எக்ஸ்100எஃப் 469 கிராம், 52 மி.மீ. சட்டைப் பாக்கெட்ல எக்ஸ்ஏ வச்சுப் பழகினவர் கழுத்துல பட்டி மாட்டணும். இதை யாரும் முதல்லயே சொல்ல மாட்டாங்க, எல்லாரும் டயல் அழகையே பேசுவாங்க.

வில்லியனூரான்

28 சொன்னது சரி. மீதி இரண்டையும் சுருக்கமா முடிச்சிடலாம்.

ஆர்எக்ஸ்100 மார்க் 3 (2014): 1 இன்ச் சென்சார், 24-70 ஜூம், எஃப்1.8-2.8. வியூஃபைண்டரை மேல தூக்கி, கண்ணாடியைப் பின்னால இழுக்கணும், ரெண்டு வேலை. உள்ள தள்ளினா கேமராவே ஆஃப் ஆயிடும். லென்ஸ் வளையம் கிளிக் இல்லாம சுத்தும், அதனால பார்க்காம எண்ணி வைக்க முடியாது. நல்ல கேமராதான், உங்க கைக்கு இல்ல.

எல்எக்ஸ்100 (2014): அபெர்ச்சர் வளையம், ஷட்டர் டயல், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயல் மூணும் தனித்தனியா உண்டு. எஃப்எம்2 ஆளுக்கு மேனுவல் புத்தகமே வேண்டாம். 12 மெகாபிக்சல் சொச்சம். 3:2-ல அகலம் 4,272 பிக்சல், 18 இன்சுக்குப் பிரிச்சா இன்ச்சுக்கு 237. பிரிண்ட் தாங்கும். குறை ரெண்டு. வியூஃபைண்டர் நிறங்களை ஒவ்வொண்ணா மாத்தி மாத்திக் காட்டுற வகை, கண்ணை வேகமா ஓட்டினா ஓரத்துல வானவில் தெறிக்கும். இன்னொண்ணு ஜூம் குழாய் வழியா உள்ள போற தூசி. அதைப் பத்தி துறைமுகத்துக்காரர் யாராவது சொல்லுங்க.

இருட்டறை

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்.

கெடிலக்கரை, நெகட்டிவில் நீங்கள் நிழலுக்கு எக்ஸ்போஸ் செய்வீர்கள். 400 ரோலை 200 என்று வைத்தாலும் ஒன்றும் கெடாது. இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) கூடினால் நெகட்டிவ் அடர்த்தியாகும், பிரிண்டில் சரிசெய்துகொள்ளலாம். குறைந்தால்தான் நிழலில் வெறும் கண்ணாடி. டிஜிட்டலில் இது தலைகீழ். நிழலில் தகவல் கிடக்கும், இழுத்து எடுக்கலாம். வெளிச்சப் பக்கம் நிரம்பி வழிந்தால் அங்கே எதுவுமே இல்லை. மீன் கூடையின் பளபளப்பு, அலையின் நுரை, வெள்ளை வேட்டி எல்லாம் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஸ்லைடு ஃபிலிம் எடுத்த பழக்கம் இருந்தால் அதே கைதான். நெகட்டிவ் மட்டுமே எடுத்தவர்தான் புதிதாகப் பழக வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுவையுங்கள்; வழிந்த இடம் திரையில் மினுக்கும். காட்சியில் விவரம் வேண்டிய மிக வெளிச்சமான இடம் எது என்று முடிவு செய்யுங்கள். சூரியனோ, தண்ணீரில் தெறிக்கும் சூரியனோ அல்ல, வேட்டியின் மடிப்பு. அந்த இடத்தை ஸ்பாட் மீட்டரில் அளந்து, மீட்டர் சொன்னதற்கு மேல் ஒன்றே முக்கால் முதல் இரண்டு ஸ்டாப் திறந்தால் அது வெள்ளையாகவும் இருக்கும், நூலும் தெரியும். மூன்று ஸ்டாப் போனால் பெரும்பாலும் காலி. ஸ்பாட் அளக்க நேரமில்லாத ஏலக் கூட்டத்தில் ஜிஆர் 3-இல் ஹைலைட்டுக்கு முதலிடம் கொடுக்கும் மீட்டரிங் இருக்கிறது, அதில் விட்டுவிடலாம். படம் திரையில் இருட்டாகத்தான் தெரியும், பதற வேண்டாம். ஏபிஎஸ்-சி சென்சாரில் (ஜிஆர், எக்ஸ்100 இரண்டிலும் இருக்கும் அளவு) ஐஎஸ்ஓ 100-200-இல் எடுத்த ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) நிழலை மூன்று ஸ்டாப் தூக்கலாம். ஐஎஸ்ஓ 3200-இல் அந்த வசதி இல்லை. அங்கே தூக்கினால் மணல் மணலாக வரும்.

திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவுகளின் வரைபடம்) கேமரா பதப்படுத்திய ஜேபெக் படத்தை வைத்துப் போடுவது. ரா ஃபைலில் அதற்கு மேல் கொஞ்சம் இடம் இருக்கும். ஆனால் அந்த இடத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஃபியூஜியில் ஒரு சிக்கல், ஃபிலிம்காரர்களைக் குழப்புவது. டைனமிக் ரேஞ்ச் 200, 400 என்று ஒரு அமைப்பு உண்டு. எக்ஸ்100எஃப்-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 200. டிஆர்200 வேண்டுமானால் குறைந்தது ஐஎஸ்ஓ 400, டிஆர்400-க்குக் குறைந்தது 800. நண்பகலில் எதற்கு 800 என்று கேட்பீர்கள். கேமரா உள்ளுக்குள் ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்து, வெளிச்சத்தைக் காப்பாற்றி, நிழலை மட்டும் தூக்கிக் கொடுக்கிறது; அந்தத் தூக்கலுக்குத்தான் அந்த எண். ஜேபெக்கை அப்படியே பயன்படுத்துபவருக்கு டிஆர்400 மிக நல்லது. சன்னி 16 கணக்கில் (நல்ல வெயிலில் எஃப்16-க்கு ஷட்டர் 1/ஐஎஸ்ஓ) ஐஎஸ்ஓ 800, எஃப்8-க்கு 1/3200 வரும். கேமராவின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000 வரை போகும், சரியாகிவிடும். எஃப்4 வேண்டுமென்றால் உள்ளேயே இருக்கும் 3 ஸ்டாப் என்டி ஃபில்டரை (வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் நிற ஃபில்டர்) போட வேண்டும்.

கெடிலக்கரை

இருட்டறை சார், இது தெளிவு. சன்னி 16 டிஜிட்டல்லயும் அப்படியே வேலை செய்யுமா? சில பேர் சென்சார் ஐஎஸ்ஓ பொய்னு சொல்றாங்க.

இருட்டறை

வேலை செய்யும். ஐஎஸ்ஓ 200, எஃப்8, 1/800: தெளிவான வெயிலுக்கு இதுவே. கடற்கரை மணலிலும் வெள்ளைச் சுவர் தெருவிலும் ஒரு ஸ்டாப் மூடுங்கள், நெகட்டிவில் மூடாமல் விட்டிருப்பீர்கள். கேமராவுக்குக் கேமரா மூன்றில் ஒரு ஸ்டாப் வித்தியாசம் வரலாம். வாங்கியதும் வெயிலில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் ஏற்றிக்கொண்டே எடுத்து, எந்த இடத்தில் நூல் மறைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் அந்தக் கேமராவின் எல்லை தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

ஓடி_துறைமுகம்

கூப்பிட்டீங்க, வந்துட்டேன்.

ஜிஆர், ஆர்எக்ஸ்100, எல்எக்ஸ்100 எல்லாமே ஆன் பண்ணினா லென்ஸ் வெளிய வரும், ஆஃப் பண்ணினா உள்ள போகும். அந்த ஒவ்வொரு தடவையும் குழாய் காத்தை உள்ள இழுக்கும். காத்துல இருக்கிற நுண் மணலும் சேர்ந்துதான் போகும். அது சென்சார் மேல உக்காந்தா எஃப்8-க்கு மேல வானத்துல மங்கலான புள்ளி. லென்ஸ் கழட்ட முடியாத கேமரா, நாமளே துடைக்க வழி இல்ல. சர்வீஸ்ல பிரிச்சாதான் உண்டு. ஜிஆர் பயன்படுத்துறவங்க எல்லாரும் புலம்புற விஷயம் இது. எக்ஸ்100 வகையில லென்ஸ் வெளிய நீளாது, அந்த ஒரு காரணத்துக்காகவே துறைமுகத்துக்கு அது ஒரு படி மேல.

2020-ல வந்த எக்ஸ்100வி-யும் அதுக்கு அடுத்த எக்ஸ்100 6-ம் தூறல் தாங்கும். ஆனா முன்னால ஏஆர்-எக்ஸ்100 அடாப்டர் வளையமும் 49 எம்எம் புரொடெக்டர் ஃபில்டரும் மாட்டினாத்தான் அந்த சீல் முழுமை. மாட்டாம 'வெதர் சீல்டு'ன்னு விக்கிறவங்களை நம்பாதீங்க. எக்ஸ்100எஃப்-க்கு அந்த சீல் கிடையாது. ஜிஆர் 3-க்கும் கிடையாது.

கடல்ல பழக்கிக்க வேண்டியது:

லென்ஸ் குழாய் மேல ஒரு துளி உப்புத் தண்ணி தெறிச்சாலும் ஆஃப் பண்ணாதீங்க. முதல்ல துணியால குழாயைத் துடைங்க, அப்புறம் உள்ள போகட்டும். ஈரத்தோட உள்ள போனா உப்பு உள்ளயே காயும், குழாய் சுரசுரன்னு சத்தம் போட ஆரம்பிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில நனைச்சு நல்லா பிழிஞ்ச துணியால வெளிப்பக்கம் ஒரு தடவை, காஞ்ச துணியால ஒரு தடவை. வெறும் காஞ்ச துணி உப்பைத் தேய்ச்சுக் கீறல்தான் போடும். கண்ணாடி மேல வாயால ஊதாதீங்க, ரப்பர் புளோயர் போதும்.

பாண்டி லாட்ஜ் ஏசி ரூம்ல ராத்திரி பூரா இருந்த கேமராவை காலையில நேரா பீச் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போனா லென்ஸ் உள்ளயும் வெளியவும் வேர்க்கும். ஜிப் கவர்ல போட்டு மூடி, வெளிச்சூட்டுக்கு வர அரை மணி நேரம் விடுங்க. கவர் மேலதான் வேர்க்கும், கேமரா தப்பிச்சிடும்.

ஐப்பசி கார்த்திகை மழையில தோல் உறைக்குள்ள வச்சு பீரோவுல பூட்டினா பூஞ்சை நிச்சயம். காத்து புகாத டப்பா, அதுல நீலம் ரோஸ் நிறமா மாறுற சிலிகா ஜெல், சின்ன ஈரப்பதமானி. 40-50 சதவீதம் நிக்கணும். ரோஸ் ஆனதும் சூடு பண்ணி நீலமாக்கித் திரும்பப் போடுங்க.

மஞ்சக்குப்பம்

எல்லாரும் பெரிய செலவுக்கே இழுக்கிறீங்க. முதல் டிஜிட்டல்தானே? கேனான் எஸ்95 (2010), பானாசோனிக் எல்எக்ஸ்3 (2008) மாதிரி சிசிடி (பழைய வகை சென்சார்) காம்பாக்ட் ஒண்ணு எடுத்து ஆறு மாசம் ஓட்டட்டும். சிசிடி கலர் ஃபிலிம் மாதிரியே இருக்கும், பெரிய சென்சார்ல அந்தக் கலர் வராது.

வில்லியனூரான்

பழைய காம்பாக்ட் எடுக்கலாம்ங்கிறதுல தப்பில்ல. காரணம்தான் தப்பு. நிறத்தை முடிவு பண்றது சென்சார் மேல இருக்கிற கலர் ஃபில்டர், வெள்ளைச் சமன், அந்தக் காலத்து ஜேபெக் பதப்படுத்தல். சிசிடி-யா, புது வகை சிமாஸ் சென்சாராங்கிறது அதுல இல்ல. அந்த கேமராக்கள்ல ஐஎஸ்ஓ 400 தாண்டினா நிழல் கலங்க ஆரம்பிக்கும். பெரிய மார்க்கெட் உள்ள தகரக் கூரைக்குக் கீழ 400 எங்க போதும்? எஃப்2, 1/30-னு நிக்கும், வியாபாரி கை ஆட்டினா கோடு.

மஞ்சக்குப்பம் சொன்னதுல ஒரு நல்ல பக்கம் உண்டு. அந்தச் சின்ன சென்சார்ல எஃப்2-னாலும் ஃபிலிமின் எஃப்9 அளவுக்கு ஆழம் கிடைக்கும். ஃபோகஸ் தப்புற பேச்சே இல்ல, கோடக் கேபி10 மாதிரி நீட்டி அமுக்கலாம். அதே காரணத்தால பின்னணி கலையாது. எஃப்5.6 தாண்டி மூடாதீங்க, டிஃப்ராக்ஷன்ல (சின்னத் துளையில ஒளி வளைஞ்சு பரவுறது) படம் மொத்தமும் மழுங்கிடும். எஃப்11-ல பழகின கை இங்கதான் தடுமாறும்.

வாங்கினா பேட்டரி உப்பியிருக்கான்னு பாருங்க. எல்எக்ஸ்3 மாதிரி பழசு 32 ஜிபி எஸ்டிஎச்சி கார்டு வரைக்கும்தான் படிக்கும், 64 ஜிபி போட்டு கேமரா கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொடுத்தவங்க உண்டு.

கெடிலக்கரை

வில்லியனூரான் அண்ணே, ஃபோகஸ் ஆழம் பத்தி இன்னும் விளக்குங்க. எக்ஸ்ஏ-ல எஃப்8 வச்சு 3 மீட்டர்ல நிறுத்தி எடுக்கிற பழக்கம். ஜிஆர்ல அதே எண் வைக்கலாமா?

வில்லியனூரான்

அதே எண் வேண்டாம், இன்னும் கிட்ட வரலாம்.

ஏபிஎஸ்-சி-ல மங்கல் வட்டம் (ஒரு புள்ளி எவ்வளவு பரவினாலும் தெளிவாத் தெரியுங்கிற எல்லை) 0.02 மி.மீ.னு வச்சுக்கோங்க, ஃபிலிமுக்கு 0.03. ஜிஆர் 3-ல எஃப்8-க்கு ஹைப்பர்ஃபோகல் (இங்க ஃபோகஸ் வச்சா அதுல பாதி தூரத்துல இருந்து முடிவிலி வரை தெளிவா வரும்) 2.1 மீட்டர். ஃபிலிம்ல 28 எம்எம் லென்ஸ் அதே எஃப்8-ல 3.3 மீட்டர். உங்க எக்ஸ்ஏ-வோட 35 எம்எம்-க்கு 5.1 மீட்டர்.

ஜிஆர்ல 'ஸ்னாப்'னு ஒரு ஃபோகஸ் முறை. 1, 1.5, 2, 2.5, 3.5, 5 மீட்டர், முடிவிலி, இதுல ஒண்ணைத் தேர்ந்தா லென்ஸ் அங்கேயே நிக்கும். அப்போ கிடைக்கிற ஆழம்:

எஃப்8, 2.5 மீட்டர்: 1.15 மீட்டர்ல இருந்து முடிவிலி வரை. பகல் தெருவுக்கு இதுவே போதும்.
எஃப்5.6, 2.5 மீட்டர்: 1.4-ல இருந்து 15 மீட்டர் வரை. காலை ஏலம், சாயங்கால பீச் ரோடு.
எஃப்2.8, 2 மீட்டர்: 1.5-ல இருந்து 3 வரை. மார்க்கெட் உள்ள, ராத்திரி கடை வெளிச்சம். இங்க தூரம் கண்ணால அளக்கத் தெரியணும். எக்ஸ்ஏ பழக்கம் இருக்கிறதால உங்களுக்குக் கஷ்டமில்ல.

அமைக்கிற வரிசை: மோட் டயலை எம்-ல வச்சு ஐஎஸ்ஓ-வை ஆட்டோ ஆக்குங்க, மேல் எல்லை 3200. அபெர்ச்சர் மேல சொன்னபடி. ஷட்டர் நடக்கிற ஆளுக்கு 1/250, ஏலத்துல கை வீசுறவங்களுக்கு 1/500. ஃபோகஸ் ஸ்னாப். அவ்வளவுதான், இனி கேமரா முடிவு பண்றது ஐஎஸ்ஓ ஒண்ணுதான். 'ஃபுல் பிரஸ் ஸ்னாப்' ஆன் பண்ணினா இன்னொரு வசதி: ஆட்டோஃபோகஸ்ல இருக்கும்போதும் பட்டனை நிக்காம முழுசா அமுக்கினா ஸ்னாப் தூரத்துல எடுத்துடும், பாதியில நிறுத்தினா ஆட்டோஃபோகஸ் பண்ணும்.

எக்ஸ்100எஃப்-ல கணக்கு சுலபம். 23 எம்எம் எஃப்8-க்கு 3.3 மீட்டர், அதாவது ஃபிலிம் 28 எம்எம்-ஓட அதே எண். வியூஃபைண்டர்லயே தூர அளவுகோல் தெரியும், ஆழம் நீலப் பட்டையா காட்டும். அந்தப் பட்டை ரொம்பக் கஞ்சம். பிக்சல் அளவுல பார்த்துக் கணக்குப் போடுற முறையில இருக்கும். மெனுவுல 'ஃபிலிம் ஃபார்மட்' அளவுக்கு மாத்திடுங்க.

முத்தியால்பேட்டை28

வியூஃபைண்டர் கேள்விக்கு இன்னும் யாரும் நேரா பதில் சொல்லல.

மதியம் பன்னிரண்டு மணிக்கு பீச் ரோட்ல எந்தத் திரையும் கறுப்புக் கண்ணாடிதான், ஓரம் மட்டும் தெரியும். ஜிஆர்காரங்க ரெண்டு வழியில சமாளிக்கிறாங்க. ஒண்ணு மேல ஃபிளாஷ் மாட்டுற இடத்துல தனி ஆப்டிகல் ஃபைண்டர்: 28-க்கு ஜிவி-1, ஜிவி-2, 40-க்கு ஜிவி-3. அதுல ஃபோகஸ் தெரியாது, எக்ஸ்போஷர் தெரியாது, கிட்ட இருக்கிற பொருளுக்கு இடமும் மாறித் தெரியும். ஸ்னாப் ஃபோகஸ்ல இருந்தா இதெல்லாம் தேவையே இல்ல. இன்னொண்ணு, திரையை ஓரம் பார்க்க மட்டும் வச்சுக்கிறது. வெயில்ல திரை வெளிச்சத்தை வச்சு எக்ஸ்போஷர் முடிவு பண்ணக் கூடாது, ஹிஸ்டோகிராம் வடிவம்தான் சாட்சி.

எக்ஸ்100-ல இருக்கிறது அசல் கண்ணாடி வழியா பார்க்கிறது, முன்னால இருக்கிற நெம்புகோலை இழுத்தா மின்திரையா மாறும். பாதி அமுக்கினதும் சட்டம் நகர்ந்து பாரலாக்ஸை (வியூஃபைண்டரும் லென்ஸும் வேற வேற இடத்துல இருக்கிறதால வர்ற விலகல்) திருத்திக்கும். ஒரு மீட்டருக்குள்ள போனா மின்திரைக்கு மாறிடுங்க. அதோட எக்ஸ்100எஃப் வரைக்கும் பழைய லென்ஸ், எஃப்2-ல ரொம்பக் கிட்டப் போனா பால் ஊத்தின மாதிரி மங்கும். எஃப்4-க்கு மூடினா தெளிஞ்சிடும். சிலர் அந்த மங்கலையே விரும்பி வாங்குறாங்க, அது அவங்க இஷ்டம்.

பேட்டரி ரெண்டு வாங்கிடுங்க, எதை எடுத்தாலும். ஜிஆர் 3-க்கு நிர்ணய அளவே 200 படம்தான். எக்ஸ்100எஃப் கண்ணாடி வழியா பார்த்தா 390, மின்திரையில 270. எஃப்எம்2-ல மீட்டர் பட்டன் செல் வருஷக்கணக்குல ஓடுறதைப் பார்த்தவருக்கு இது கொடுமை.

தேங்காய்த்திட்டு_கலர்

நிறம் பத்தி ஒரே ஒரு விஷயம், ஆனா ஒயிட் டவுனுக்கு ரொம்ப முக்கியம்.

வெள்ளைச் சமனை ஆட்டோவுல விடாதீங்க. துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி மஞ்சள் சுவரை ஃப்ரேம் நிறைய வச்சா, ஆட்டோ அந்த மஞ்சளை வெளிச்சத்தோட கோளாறுன்னு நினைச்சு நீலம் சேர்த்துடும். சுவர் எலுமிச்சைச் சாறு மாதிரி வெளுத்துடும், அடுத்த படத்துல சுவர் கொஞ்சமா வந்தா வேற நிறம். ஃபிலிம் டேலைட்டுக்குச் சமன் செஞ்சது, மாறாது. அதே மாதிரி 'வெயில்' அல்லது 5200-5500 கெல்வின்ல நிறுத்திடுங்க. காலை வெளிச்சம் மஞ்சளாவும் நிழல் நீலமாவும் வரும், அதுதான் அந்த ஊர். பீச் ரோட்டுக் கட்டடங்கள் கிழக்கு பார்த்தவை, காலையில நேர் வெளிச்சம் வாங்கும். மதியத்துக்கு மேல முகப்பு பூரா நிழல், பின்னால வானம் வெளுக்கும். காலையில போங்க.

காகிதப்பூ, போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி, படகுல அடிச்ச பெயிண்ட்: இதுல எல்லாம் சிவப்புச் சேனல் தனியா வழியும். வெள்ளை ஹிஸ்டோகிராம் நல்ல பிள்ளையா நடுவுல நிக்கும், பூவுல இதழ் கோடே இருக்காது. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்க, மூணில் ரெண்டு ஸ்டாப் குறைங்க.

ஃபிலிம் சிமுலேஷன் (ஃபிலிம் நிறத்தைக் கேமராவே பாவனை பண்றது) பத்திச் சண்டை வேண்டாம். லேப்ல இருந்து வந்த உங்க கலர் படமே ரோலோட நிறம் மட்டும் இல்ல, பாதி ஸ்கேனர்காரர் கைவண்ணம். கறுப்பு வெள்ளைக்கு எக்ஸ்100எஃப்-ல இருக்கிற அக்ரோஸ் சிமுலேஷன் நல்லா இருக்கும், ஜிஆரோட கறுப்பு வெள்ளை இன்னும் கரடு. ஒண்ணு எடுத்து அதுலயே நில்லுங்க. ரா + ஜேபெக் சேர்த்து எடுங்க. ஜிஆர் ரா ஃபைல் டிஎன்ஜி, எந்த மென்பொருளும் திறக்கும். இலவச டார்க்டேபிள் ரெண்டு கம்பெனி ஃபைலையும் திறக்கும்.

மஞ்சக்குப்பம்

சரி, சிசிடி பேச்சை வாபஸ் வாங்கல, ஆனா மார்க்கெட் உள்ள 400 போதாதுங்கிறது உண்மை. ஃபிளாஷ் பத்தி யாரும் பேசலையே? ஜிஆர் 3-ல ஃபிளாஷே கிடையாது. 2015-ல வந்த ஜிஆர் 2-ல இருக்கு, 16 மெகாபிக்சல், விலையும் குறைவு. பேட்டரி வேற மாடல்: அதுக்கு டிபி-65, ஜிஆர் 3-க்கு டிபி-110. மாத்தி வாங்கிடாதீங்க.

முத்தியால்பேட்டை28

நல்ல பாயின்ட். இந்த கேமராக்கள்ல ஷட்டர் லென்ஸுக்குள்ளயே இருக்கு. எஃப்எம்2-ல ஃபிளாஷ் 1/200 அல்லது 1/250 வரை தான் ஒத்துப்போகும், பதிப்பைப் பொறுத்து. எக்ஸ்100எஃப்-ல 1/1000-லயும் ஒத்துப்போகும். நடுப்பகல்ல தொப்பி நிழல் விழுந்த முகத்துக்கு ஐஎஸ்ஓ 200, எஃப்5.6, 1/1000 வச்சு உள்ள இருக்கிற குட்டி ஃபிளாஷை மைனஸ் 1-ல விடுங்க. பின்னணி அரை ஸ்டாப் சொச்சம் கூடும், வானம் முக்கியம்னா எஃப்8-க்கு மூடுங்க. எட்டுறது ஒரு மீட்டர் சொச்சம்தான். ரெண்டு மீட்டர்ல நிக்கிற ஆளுக்கு அது வெறும் மின்மினி.

நெறியாளர்

விலை, விற்பனை விவரம் இந்த இழையில் வேண்டாம், அதற்கு வேறு பகுதி இருக்கிறது. இரண்டு பதிவுகள் அங்கே மாற்றப்பட்டன.

ஓடி_துறைமுகம்

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போறப்ப சட்டைப் பையில சார்ஜ் ஏத்தின பேட்டரி, கார்டு, சின்ன டார்ச் மூணும் இருக்கட்டும். பேட்டரி இல்லாம சந்தையில விரிப்புல கிடக்கிறதைக் கையில தொடாதீங்க.

முதல்ல தூசி. எஃப்16, ஃபோகஸ் கைமுறையில ரொம்பக் கிட்ட, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுத்து, திரையில பெருசாக்கி நாலு மூலையும் ஓட்டுங்க. அப்புறம் பத்து தடவை ஆன், ஆஃப் பண்ணி மறுபடியும் அதே படம். புள்ளி இடம் மாறியிருந்தா உள்ள குப்பை சுத்துது, விட்டுடுங்க. எஃப்5.6-லயே புள்ளி தெரிஞ்சா பேரமே வேண்டாம்.

ஹாட் பிக்சல்: லென்ஸை மூடி, ஐஎஸ்ஓ 1600, 1 வினாடி. நாலஞ்சு புள்ளி சகஜம், கொத்துக் கொத்தா வந்தா இல்ல.

பூஞ்சை: டார்ச்சை லென்ஸ் ஓரத்துல சாய்வா அடிச்சு, எஃப்2-ல திறந்த நிலையில பாருங்க. நூல் மாதிரி கிளை விட்டா பூஞ்சை.

அபெர்ச்சர்: 2011-ல கடைக்கு வந்த முதல் எக்ஸ்100-ல இலைகள் ஒட்டிக்கிற நோய் பேர் போனது. எஃப்2-லயும் எஃப்16-லயும் முன்பக்கம் பார்த்துக்கிட்டே எடுங்க. எஃப்16-ல படம் வெளுத்து வந்தா இலை மூடல. மூத்த மாடல்னு மலிவா கிடைச்சா இதுக்குத்தான் மலிவு.

எல்லா டயலையும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கிளிக்கா திருப்பி, எண் தாவுதான்னு பாருங்க. ஜிஆர் பின்பக்க வளையத்துல இதை கவனமா செய்யுங்க. கார்டு மூடி, பேட்டரி மூடிக்குள்ள பச்சை உப்பு பூத்திருந்தா கடல்ல குளிச்ச கேமரா.

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. 35 விட மனசில்ல, லென்ஸ் நீளாததும் துறைமுகத்துக்கு ஒத்துவருது. எக்ஸ்100எஃப் நல்ல நிலைமையில தேடப் போறேன். கிடைக்கலைன்னா ஜிஆர் 3எக்ஸ். ரெண்டு சின்ன சந்தேகம். எஃப்எம்2-க்கு வச்சிருக்கிற மஞ்சள், சிவப்பு ஃபில்டரை 49-க்கு அடாப்டர் போட்டு மாட்டலாமா? இதுலயே நெகட்டிவை ஸ்கேன் பண்ணலாமா?

இருட்டறை

ஃபில்டர் மாட்டும், மாட்டாதீர்கள். முன் வளையத்தைத் திருகிக் கழற்றி, ஏஆர்-எக்ஸ்100 வைத்து, உங்கள் 52-க்கு ஏற்ற வளையம் போட்டால் இயந்திர ரீதியில் சரிதான். ஆனால் எக்ஸ்100எஃப் சென்சாரில் ஒவ்வொரு 36 கட்டத்துக்கும் 20 பச்சை, 8 சிவப்பு, 8 நீலம். சிவப்புக் கண்ணாடி போட்டால் ஒழுங்காக வெளிச்சம் வாங்குவது அந்த 8 மட்டுமே. படம் சொரசொரப்பாகும், மீட்டரும் தடுமாறும். அக்ரோஸில் மஞ்சள், சிவப்பு, பச்சை ஃபில்டர் மெனுவிலேயே இருக்கிறது. ரா ஃபைலாக இருந்தால் பிறகும் மாற்றலாம். பழைய ஃபில்டர்களில் டிஜிட்டலுக்கும் உதவுவது போலரைசரும் என்டியும்தான்.

ஸ்கேனுக்கு இது ஆகாது. முன் கண்ணாடியில் இருந்து 10 செ.மீ. வரைதான் கிட்டப் போகும், அப்போதும் சுமார் 9 செ.மீ. அகலம் படத்தில் வரும். 36 மி.மீ. ஃப்ரேம் நடுவில் சின்னதாக நிற்கும்; மீதி வீண். அதற்கு லென்ஸ் கழற்றும் கேமராவும் மேக்ரோ லென்ஸும் வேண்டும். தனி இழை தொடங்குங்கள், லைட் பேனல் பற்றியும் எழுத இருக்கிறது.

ஓடி_துறைமுகம்

எக்ஸ்100எஃப் பார்க்கும்போது நெம்புகோலை இழுத்து கண்ணாடி வியூஃபைண்டரையும் பாருங்க கெடிலக்கரை. அதுக்குள்ள பூஞ்சை, தூசி இருந்தா படத்துல தெரியாது, அதனால விக்கிறவர் சொல்லவே மாட்டார்.